மிக்ஸி ஓடாத காலை

கலிஃபோர்னியாவில், லிவர்மோரிலிருந்து மலையேறி இறங்கி வேலைக்குப் போகும் எங்கள் காரில் ஒரே சட்டம்தான்: யார் ஓட்டுகிறாரோ, பாட்டு அவருடையது. அங்கிள் ஓட்டினால் பழைய சினிமாப் பாட்டு. ஆன்ட்டி ஓட்டினால் முருகன் பாட்டு. நான் ஓட்டினால் ஒரு ஜப்பானிய ராக் குழு. கணவன் மனைவியான அந்த இருவரும் எனக்கு உறவில்லை. கோயிலில் பழக்கமாகி, கார்பூலில் என்னைச் சேர்த்துக்கொண்டவர்கள். மூவருக்கும் வேறு வேறு கம்பெனி, ஒரே ஃப்ரீவே.

அந்தக் குழுவின் இசையை விளக்குவது கஷ்டம். இரண்டு கிதார்கள் ஒரே இரண்டு சுரங்களை விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கும். டிரம்ஸ் அவற்றைத் துரத்தும். பாடகி பாதி நேரம் பாடுவதே இல்லை; மூச்சு வாங்குவாள், அலறுவாள். நடுவில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று நாம் நம்பிய பிறகு, முன்னைவிடப் பலமாகத் தொடங்கும்.

"யாருடி இது, தேங்காயே போடாம மிக்ஸிய ஓட விட்டது?" என்பார் ஆன்ட்டி.

"மூடியும் போடல போல," என்பார் அங்கிள். பாட்டின் நடுவில் அந்த மௌனம் வந்ததும், "அப்பாடா, கரன்ட் போயிடுச்சு!"

நான் சத்தத்தை இன்னும் கூட்டுவேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிர் வெட்டுகிறவர்கள். கல்லூரி விடுதியில் மற்றவர்கள் ஆங்கிலப் பாட்டுகளை மனப்பாடமாகப் பாடும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன். ஒருநாள் யாரோ இந்தக் குழுவின் பாட்டைப் போட்டார்கள். அறையில் ஒருத்திக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. முதல் முறையாக எல்லோரும் என் அளவுக்கு வந்திருந்தார்கள். அன்றிலிருந்து அது என் பாட்டு.

இந்த வருடம் என் வேலை போயிற்று. விசா கொடுத்திருக்கும் கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கிளம்பினேன். அவர்கள் என் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டதும், கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் இருக்கும் நூலகத்துக்குப் போய் அப்ளை பண்ணிக்கொண்டிருந்தேன். மாலையில் மறுபடி அதே வாசலில் வந்து நிற்பேன். பதில் வந்த இடங்களைவிட வராத இடங்களே மேல். அங்கே இன்னும் யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை.

"மேனேஜரு ஏதும் திட்டறாருங்களா கண்ணு?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"என்னைக் கேட்டுத்தாம்மா அவரே எதையும் செய்வாரு," என்றேன்.

கெடு முடியும் வாரத்தில் அங்கிள் ஓட்டும் நாள் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அந்த இரண்டு கிதார்கள் கேட்டன. தேடிப் பிடித்து அவரே போட்டிருந்தார்.

"அங்கிள், இன்னைக்கு உங்க டர்ன்."

"இருக்கட்டும்மா. கேக்கலாமே."

மலை ஏறும்வரை ஆன்ட்டி வாயைத் திறக்கவில்லை.

"என்ன ஆன்ட்டி, மிக்ஸி ஓடலையா இன்னைக்கு?"

"நல்லாத்தாண்டா இருக்கு," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் எங்கள் கம்பெனியின் ஆட்குறைப்புச் செய்தி வந்திருக்கும். அந்தக் காரில் என் பாட்டுக்குக் கிடைத்த கேலியெல்லாம் எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதுதான் தெரிந்தது. பாவம் பார்த்துக் கேட்கப்படும்போது அது வெறும் இரைச்சலாக இருந்தது. எனக்கும்.

ஃப்ரீவேயை விட்டு இறங்கும்போது பாட்டில் அந்த மௌனம் வந்தது. அங்கிள் கரன்ட் போனதாகச் சொல்லவில்லை.

"எங்கேம்மா டிராப் பண்ணட்டும்?" என்றார் மெதுவாக. இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"எப்பவும் டிராப் பண்ற இடத்துலதான் அங்கிள்."

இறங்கினேன். வழக்கமாக நான் கதவைச் சாத்துவதற்குள் நகர்ந்துவிடும் கார் அன்று நகரவில்லை. கண்ணாடிக் கதவின் முன்னால் நின்று, என்றோ திருப்பிக் கொடுத்துவிட்ட ஆபீஸ் அட்டையைக் கைப்பையில் தேடினேன். கார் போகும்வரை தேடிக்கொண்டிருக்க வேண்டும். அது போகவில்லை. பின்னால், காரின் திறந்த ஜன்னல் வழியே, அந்தப் பாடகி மறுபடி அலறத் தொடங்கினாள். யாரும் அதை நிறுத்தவில்லை.