பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்தேன்

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, டவுன் எல்லையிலுள்ள நகரசபையின் மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். அதில் பலகை உடைந்து ஒரு சிறுமியின் கால் உள்ளே போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நகரசபைக் கூட்டத்தில் இதைப் பேசுகிறார்களா என்று பார்க்கப் போய், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று தலைவர் கேட்டார். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எழுந்து பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"நீ எந்த வட்டாரம்?" என்றார் தலைவர்.

"டவுன் எல்லைக்கு வெளிய, தோட்டங்க, ஐயா."

"ஒனக்கு இங்க ஓட்டே இல்லையே! பொலிசைக் கூப்பிடவா?"

அப்போது சபை அங்கத்தவரான துணிக்கடை நானா எழுந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் அழைப்போம். "பையன் உட்காரட்டும். அந்தப் பாலத்த எப்ப திருத்துவீங்கன்னு நான் கேக்குறேன்."

"அடுத்த கிழமை" என்று ஒரு வாரத் தவணையோடு உடனே பதில் வந்தது.

வெளியே வந்ததும், "நானா, நீங்க அந்தப் பாலத்துல நடந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு நாளும் இல்ல தம்பி. ஒடைஞ்ச பாலத்துல எவன் நடப்பான்?" என்று சிரித்தார்.

நடப்பவர்களுக்குப் பேச உரிமையில்லை, நடக்காதவருக்கு இருக்கிறது. இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இப்போதெல்லாம் கூட்டத்துக்கு முன்பே நானாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதே பெஞ்சில் போய் உட்காருகிறேன். அவர் வாயிலிருந்து என் கேள்வி வரும்போது, ஒரு வார்த்தையும் விடுபடாமல் வருகிறதா என்று கவனித்துக் கேட்கிறேன்.