மகளுக்குத் துப்பாக்கி பார்க்கப் போனோம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான், ஆனால் ஒன்றின் குணம் மற்றதுக்கு இல்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், துப்பாக்கி பார்க்கப் போன அன்று அந்த வெள்ளைக்கார வியாபாரியும் தன் பாஷையில் இதையேதான் சொன்னார். ஒரே தொழிற்சாலை, ஒரே இயந்திரம், ஒரே இரும்பு. இருந்தாலும் ஒரு குழல் சுடுகிற மாதிரி அடுத்த குழல் சுடாதாம். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். மகள் அதைத் தமிழில் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கும் விளங்குகிற விஷயம்தான் அது.

துப்பாக்கி என் கடைசி மகளுக்கு. நகரசபையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஒருத்தி ஒருநாள் லா கூர்னெவ் என்கிற ஊருக்கு அப்பால் இருக்கிற சுடுகிற கழகத்துக்கு இவளைக் கூட்டிப் போனாள். அன்றிலிருந்து இவளும் குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்தில் தொங்குகிற கடதாசியைச் சுடுகிறாள். எங்கள் ஊரில் இதைத் துவக்கு என்போம், அதோடு யாராவது வந்தால் நாங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவோம். இங்கே சந்தா கட்டிச் சுடுகிறார்கள், அதுவும் கடதாசியை.

கழகத்தின் பெண்கள் குழுவில் நாலு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு என் மகளும் ஒரு பல் வைத்தியப் பெண்ணும் போட்டி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் சுடவைத்துப் பார்த்து ஒருத்தியை எடுப்பார்கள். கழகத்தின் பொதுத் துப்பாக்கி கிழடு, அதோடு போனால் தோற்பது நிச்சயம் என்றாள் மகள். இந்த முறையும் இடம் இல்லையென்றால் இதை அடியோடு விட்டுவிடுகிறேன் என்று புருஷனுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். வியாபாரி மூன்று துப்பாக்கிகளைக் கழகத்துக்கே கொண்டு வருவதாகச் சொன்னார். அந்த ஒரு சனிக்கிழமைதான். பின்னேரம் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவார்.

எங்கள் ஆட்கள் எதையும் தனியே போய் வாங்குவதில்லை. ஒரு சட்டி வாங்கவே இரண்டு பேர் போவார்கள். ஆகவே மகள், மருமகன், நான், மருமகனின் தாய் என்று ஒரு கார் நிறையப் போனோம். சம்மந்தி கோயிலில் பூக்கட்டுகிறவர். எனக்கும் அவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

வியாபாரி பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சம்மந்தி கைப்பையிலிருந்து நாள்காட்டியை எடுத்தார். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவில் எங்கள் மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது.

"இப்ப ராகு காலம். ஒருத்தரும் தொடாதேங்கோ."

"மாமி, அந்த மனுசன் வெள்ளன வந்து நிக்கிறார்," என்றாள் மகள்.

"நிக்கட்டும். நான் அவரை இருக்க வேண்டாமெண்டு சொல்லேல்லையே."

இன்னும் ஆராவது வரவேண்டுமா என்று வியாபாரி கேட்டாராம். இல்லை, ஒருத்தர் போகவேண்டும் என்று மகள் பிரெஞ்சில் சொன்னாளாம். அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

ராகு போனபின் தொடங்கினோம். மணல் மூட்டைகளின் மேல் துப்பாக்கியை வைத்து வியாபாரியே சுடுவார். ஒரு துப்பாக்கிக்கு ஐந்து வெடி. ஐந்து ஓட்டையும் எவ்வளவு கிட்டக்கிட்ட விழுகிறதோ அவ்வளவு நல்ல குழல். எங்கள் காதுகளுக்குச் சிவப்பு மூடிகள் தந்தார்கள். என்னுடையது கொண்டையில் ஏறி நின்றது.

முதல் வெடிச் சத்தம் பெரிதில்லை, பாக்கு வெட்டுகிற அளவுதான். ஆனால் அடுத்த நொடி நானும் சம்மந்தியும் மேசைக்கு அடியில் கிடந்தோம். எப்படிப் போனோம் என்று தெரியாது. முழங்கால் நோகவும் இல்லை. இடம்தான் இருவருக்கும் போதவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கோ," என்றார் சம்மந்தி.

"நான்தான் முதல் வந்தனான்."

வியாபாரி பயந்துபோய் ஓடிவந்தார். மருமகன் அவருக்கு ஏதோ விளங்கப்படுத்தினார். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களுக்குக் கை கொடுத்தார். நான் எழும்பி, நிலம் துப்புரவாகத்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

முதல் துப்பாக்கியின் ஓட்டைகளை ஒரு இரண்டு யூரோக் காசால் மூடலாம். மூன்றாவதுக்கு உள்ளங்கை வேண்டும். இரண்டாவதின் கடதாசியில் ஒரேயொரு ஓட்டைதான் இருந்தது.

"மிச்சம் நாலும் எங்கை போச்சுது?" என்று கேட்டேன்.

"எல்லாம் அதுக்குள்ளைதானணை அம்மா," என்றாள் மகள்.

மருமகன் அந்தக் கடதாசியை, சீலையின் நெசவு பார்ப்பதுபோல், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதே குழலை இன்னும் கொஞ்சம் வெளிறின மரப்பிடியோடு தருவாரா என்று கேட்கச் சொன்னார் சம்மந்தி. மகள் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை சுட்டுப் பார்த்து உறுதி செய்வதாகப் பேச்சு. நான் கொண்டு போன ஆட்டிறைச்சி ரோல்ஸில் வியாபாரிக்கும் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இன்னொன்று கேட்டார். நல்ல மனிதர்.

சாப்பிட்டபின் இரண்டாவது துப்பாக்கி சுட்டது. கடதாசியைக் கொண்டு வந்தார்கள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. மறுபடி சுட்டார். எல்லாம் இடது பக்கம் போய்க் கிடந்தது.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் மருமகன். எப்போது நினைத்தார் என்று தெரியாது.

வியாபாரி உதட்டைப் பிதுக்கி, அப்படியென்றால் முதலாவதை எடுங்கள் என்றார். முதலாவதும் கழகத்துக் கிழடும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காலையில் மகளே சொல்லியிருந்தாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலாவதின் பெட்டியைக் கிட்ட இழுத்தாள். வயது நாற்பது கடந்த பிள்ளை.

வியாபாரி விடவில்லை. ஒரு கடதாசித் துண்டை எடுத்து இரண்டாவதின் குழலுக்கும் கீழே இருக்கிற மரத்துக்கும் நடுவே ஓட்டினார். குழல் மரத்தில் முட்டக்கூடாதாம், முட்டினால் குண்டு விலகுமாம். கடதாசி பாதி வழியில் நின்றது. குனிந்து பார்த்தார். விரலால் தோண்டினார். மோந்து பார்த்தார். மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் ஒன்றைக் குழலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கிழங்கைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே யாரோ செருகியிருந்தார்கள்.

சம்மந்தி கூரையைப் பார்த்தார்.

"மாமி," என்றாள் மகள்.

"நீங்கள் சாப்பிடேக்கை நல்லதை நினைச்சுத்தான் பிள்ளை கட்டினனான். உமக்கு அந்த ரெண்டாவதிலைதானே விருப்பம்."

வியாபாரி கத்தியை எடுத்தார். சம்மந்தி பாய்ந்து துப்பாக்கிக்கும் அவருக்கும் நடுவே நின்றார்.

"காப்பு நூலை வெட்டக்கூடாது."

"அம்மா, அது துவக்கு," என்றார் மருமகன்.

"துவக்கெண்டாலும் கட்டினது கட்டினதுதான்."

அன்றைக்கு ஒரு தடவை நானும் சம்மந்தியின் பக்கம் நின்றேன். வெட்டினால் அபசகுனம்தானே. என் கொண்டையூசியை எடுத்தேன். ஒரே மூக்குக்கண்ணாடியை மாறி மாறிப் போட்டு இருவருமாக முடிச்சை அவிழ்த்தோம். பிறகுதான் அடுத்த பிரச்சினை. அவிழ்த்த நூலை நிலத்தில் போடக்கூடாது, ஒரு கையில் கட்ட வேண்டும். நேரம் போகிறது, தன்னைத் தொட வேண்டாம் என்றாள் மகள். மருமகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சம்மந்தி வியாபாரியைப் பார்த்தார்.

அவர் கையை நீட்டினார். இதுவும் வியாபாரத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்.

"வலக்கை," என்று நான் தட்டிக் காட்டினேன்.

மஞ்சள் கட்டின கையோடு அவர் ஐந்து வெடியும் வைத்தார். கடதாசியில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

"பாத்தியளே," என்றார் சம்மந்தி. மகள் இரண்டாவதின் பெட்டியை மூடி, அதன்மேல் ஏறி இருந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு என்னையும் சம்மந்தியையும் கூட்டிப் போகவில்லை. இருவரும் என் வீட்டில் தொலைபேசியை நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அடித்தது. நான்தான் எடுத்தேன். "என்னை எடுத்திட்டினம் அம்மா," என்றாள் மகள். பல் வைத்தியப் பெண்ணும் நன்றாகத்தான் சுட்டாளாம், இவளுடையது ஒரு புள்ளி கூடவாம். தொலைபேசியைச் சம்மந்தியிடம் கொடுத்தேன்.

நாளைக்கு அவளுக்கு முதல் போட்டி. குழுவில் மற்றப் பெண்களுக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும், நடந்ததை எழுதித் தா அம்மா என்று கேட்டாள். எழுதிவிட்டேன். மூன்று நாள் பிடித்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, பேத்திதான் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இஞ்சை வா பிள்ளை, உன்ரை அம்மா வர முன்னம் இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி.