பிரபுவின் படிக்கட்டு

இங்கிலாந்தில், மோர்டனில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் வீடுகள் எங்களுடையவை, படிக்கட்டு எங்களுடையதல்ல. வீடு வாங்கிவிட்டோம் என்று எல்லாருக்கும் சொன்னோம். உண்மையில் நாங்கள் வாங்கியது நீண்டகாலக் குத்தகை. நிலம், கூரை, வாசல், படிக்கட்டு எல்லாம் நாங்கள் ஒருநாளும் கண்டிராத ஒரு சொந்தக்காரருக்கு உரியவை. அவர் சார்பில் ஓர் ஏஜென்ட் வந்துபோவார்.

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த கையோடு, மேல்மாடி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பினார், பேச்சும் திரும்பியது. வலக்கை மட்டும் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் படிக்கட்டில் கைப்பிடி ஒரு பக்கம்தான் உண்டு. ஏறும்போது அது இடக்கைக்கு வரும், இறங்கும்போது வலக்கைக்கு.

"வெளியில போனால் திரும்பி வர ஏலும். போகத்தான் ஏலாது" என்று என்னிடம் சிரித்தார். அந்த மார்கழி முழுவதும் ஜன்னலடியில்தான் இருந்தார்.

அவருடைய கணவர் மற்றப் பக்கமும் ஒரு கைப்பிடி போட அனுமதி கேட்டார். பார்க்கலாம் என்றார் ஏஜென்ட். தைப்பொங்கலுக்கு வந்தபோதும் அதையேதான் சொன்னார்.

பொங்கலன்று அவரை அழைப்பது எங்கள் கட்டடத்து வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் இருத்தி, தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொடுத்து, போகும்போது ஒரு பெட்டியில் பொங்கலும் கட்டிக் கொடுப்போம். கதவு சாத்தியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவரவர் தமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு டிஷ் அன்ரெனா, இன்னொருவருக்குப் பல்கனியில் உடுப்புக் காயப்போட அனுமதி. பாதி வீட்டுக்காரர் சேர்ந்தால் நிர்வாகத்தை நாங்களே எடுத்து நடத்தச் சட்டம் இடம் தருகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எனக்குச் செய்து தந்தவருக்கு எதிராக நான் எப்படி நிற்பது என்றார்கள். ஏஜென்ட் தம் சொந்த ஆள் என்று ஒவ்வொரு வீடும் நம்பியிருந்தது.

அந்த மாதங்களில் நான் மத்தியகால ஐரோப்பாவைப் படித்துக்கொண்டிருந்தேன். அரசன் பிரபுவுக்கு நிலம் கொடுத்தான், பிரபு தன் வீரனுக்குக் கொடுத்தான். பெறுகிறவன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைக் கொடுப்பவனின் கைகளுக்குள் வைத்து விசுவாசம் சொன்னான். நீதியும் காவலும் படையும் அந்தக் கைகளின் வழியாகத்தான் போய்வந்தன. பல இடங்களில் அரசனின் சொல் பிரபுவின் வாசலோடு நின்றது. இங்கிலாந்தை வென்ற அரசன் 1086இல் நிலமுடைய பெரியவர்களை எல்லாம் அழைத்து, தனக்கே நேராகச் சத்தியம் வாங்கினான். அதே ஆண்டு எடுத்த நிலப் பதிவில் மோர்டன் ஒரு மடத்துக்குச் சொந்தம். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. எல்லாச் சத்தியமும் மேலே பார்த்தே செய்யப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் சில நகரங்களில் ஆட்கள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சத்தியம் செய்யத் தொடங்கியபோதுதான் பிரபுக்களுக்கு நித்திரை போனது.

சித்திரை வருடப்பிறப்புக்கு அக்கா எல்லாரையும் மேலே சாப்பிடக் கூப்பிட்டார். தன்னால் இறங்க ஏலாது, உங்களால் ஏற ஏலும்தானே என்று சொல்லி அனுப்பியிருந்தார். நடு வீட்டுத் தம்பி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நிழலான கார் இடத்தை ஏஜென்ட் தனக்குத் தரப்போவதாகப் பெருமையாகச் சொன்னார்.

கீழ் வீட்டு ரீச்சர் கரண்டியை வைத்தார். "அது எனக்கெல்லோ தாறன் எண்டவர்?"

"எனக்கும்தான்" என்றேன்.

ரீச்சருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "மூண்டு காரையும் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கச் சொல்லியிருப்பார்."

சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தார். "ஒரு இடத்த மூண்டு பேருக்குக் குடுத்தவர். எனக்கு ஒரு கம்பி குடுக்க மனம் வரேல்ல. எல்லாரும் தனித்தனியாப் போய்க் கேட்டனீங்கள். ஒருக்கா எனக்காகச் சேந்து நில்லுங்கோவன்."

அன்று பாயாசம் ஆறுவதற்குள் பாதிக்கு மேல் வீடுகள் சேர்ந்துவிட்டன. மற்ற வீடுகள் வைகாசியில் சேர்ந்தன. ஏஜென்ட் கோபிக்கவில்லை. அவருக்கும் மேலே அந்தச் சொந்தக்காரர் இருந்தார், அவ்வளவுதான்.

நிர்வாகம் எங்கள் கைக்கு வர மாதங்கள் ஆகின. முதல் வேலையாகக் கைப்பிடி போட்டோம். அக்கா இடக்கையால் அதைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். கை கொடுக்கப் போன கணவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். கடைசிப் படியில் நின்று வாசலைச் சுற்றிப் பார்த்தார்.

"பெயின்ற் எல்லாம் உரிஞ்சு கிடக்குது. இதுக்கு இப்ப ஆர் பொறுப்பு?"

"நாங்கள்தான் அக்கா."

"அப்ப ஒரு கூட்டம் போடுங்கோ. ரீச்சர் வீட்டில வையுங்கோ, நான் இறங்கி வாறன்."