மீன் ஐஸில் வந்த இரத்தம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சவிரிமுத்து அண்ணையோடு நடந்த பேச்சு இது. தான் நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்த இரத்தத்தை ஏன் வேண்டாமென்று சொன்னோம் என்று, ஊர்காவற்றுறையில் எங்கள் ஆய்வுகூட வாசலில் நின்று கேட்டார். பழுதாகிவிட்டது என்றேன். ஐஸ் நிறையப் போட்டேனே என்றார். அந்த ஐஸ்தான் பழுதாக்கியது என்றேன்.

"அதே ஐஸில வந்த பாரைக்கு இன்னும் கண் மங்கேல்லை."

"மீன் செத்தது அண்ணை. இது உயிரோட வரவேணும்."

"உடம்பை விட்டு வந்த பிறகு என்ன உயிர்?"

இரத்தத்தில் இருப்பவை மெல்லிய தோல் போர்த்த நுண்ணிய உயிர்க்கலங்கள், உறைந்தால் வெடித்துவிடும், பிறகு எண்ண முடியாது என்று விளக்கினேன். தீவில் பரவும் டெங்குக் காய்ச்சலுக்குக் காரணம் வைரஸ் என்றால் அதையல்லவா எண்ண வேண்டும் என்றார். நுணுக்குக்காட்டியில் அதைக் காட்டச் சொன்னார். எங்களிடம் இருப்பதில் அது தெரியாது, அவ்வளவு சிறியது என்றேன்.

"காணாததை நம்புறதுக்கு எனக்குக் கோயில் இருக்குது பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் மீன்காரர். அவருடைய வள்ளம் பயணிகள் படகுக்கு முன்னரே புறப்படுவதால், தீவில் எடுக்கும் இரத்தக் குழாய்களை அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே அடுக்குமுறை: நொறுக்கிய ஐஸ், அதற்குமேல் மீன், மறுபடி ஐஸ், இன்னும் குளிரட்டும் என்று ஒரு பிடி உப்பு. குழாய்களுக்கும் அதுவேதான். குளிர்ப்பொதியும் துணியும் வைத்த சிறு பெட்டி ஒன்றை நாங்கள் கொடுத்தபோது அதை ஓர் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். இதில் மீன் வந்தால் பூனையும் தொடாது என்றார். ஆனாலும் முணுமுணுத்தபடி அதில் கொண்டுவந்தார்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். போன வருடம் வேறு நோய்க்குக் கொடுத்து மிஞ்சிய அன்டிபயோட்டிக் கப்சூலைக் காய்ச்சல்காரருக்கு இறங்குதுறையில் பங்கிட்டார். அது வைரஸுக்கு வேலை செய்யாது என்றேன். அப்படியென்றால் மருந்துக்கடையில் ஏன் விற்கிறார்கள் என்று என்னையே கேட்டார்.

மார்கழி மழையில் அவருடைய மனைவி கத்தரீனா அக்காவுக்கு டெங்கு வந்தது. டெங்கு குறைத்துவிடும் இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை தெரிந்தால்தான் தீவு வைத்தியர் முடிவெடுக்கலாம். குறைந்திருந்தால், அந்தக் கொந்தளிக்கும் கடலைக் கடந்து யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அங்கேயே வைத்துப் பார்க்கலாம். எல்லாம் ஒரு குழாய் இரத்தத்தில் தங்கியிருந்தது.

அதை அவர் மீன் ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தார். மற்றவர்களின் இரத்தம் என்றால் சரி, தன் மனைவியின் இரத்தத்தை அந்த வெதுவெதுப்பான பெட்டியில் வைக்க மனம் வரவில்லையாம்.

இயந்திரம் நல்ல எண்ணிக்கையே காட்டியது. அதுதான் பயங்கரம். உறைந்து வெடித்த சிவப்புக் கலங்களின் துணுக்குகளையும் அது தட்டுகளாக எண்ணியிருந்தது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் அக்காவைத் தீவிலேயே வைத்திருப்பார்கள். வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னேன். நான் குரலை உயர்த்துகிறவள் அல்ல. அன்று வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அண்ணையை ஏசினேன். அவர் எங்கள் சிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்குப் போனார்.

பின்னேரம் வந்த குழாய் துணியில் சுற்றி, ஈரமில்லாமல் இருந்தது. தட்டுகள் மிகவும் குறைந்திருந்தன. அன்று பொழுதுபடுமுன் அக்காவை அலையோடு அலையாகக் கடல் கடத்தி, யாழ்ப்பாணத்தில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

தை பிறந்தபின், மீண்டும் ஒருமுறை இரத்தம் பார்க்க இருவரும் வந்தார்கள். அக்கா முச்சக்கரவண்டியிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருக்க, அண்ணை மட்டும் விறுவிறென்று உள்ளே வந்து மேசையில் குனிந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு ஏன் ரெண்டாந்தரமும் ஊசி குத்தினது எண்டு அவ உம்மட்டைக் கேட்பா. மெசின் பழுது எண்டு சொல்லிவிடும்."