புலிகுத்திக் கல்லின் நிறம்

திருப்பூருக்கு வரும் நண்பர்கள், இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பதிலுக்குக் காத்திராமல் ஊட்டிக்கு வண்டி பேசிவிடுவார்கள். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் உள்ள பக்கத்தில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். என் பேச்சைக் கேட்டு ஒரு நாள் தங்குகிறவர்களை நான் குண்டடம் பக்கம் அழைத்துப்போவேன். அங்கே வேலியோரத்திலும் கிணற்று மேட்டிலும் முருங்கைத் தோட்டத்தின் நடுவிலும் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. ஆடுமாடுகளைக் காக்கப் போய்ப் புலியோடு பொருது இறந்தவனுக்கு ஊரார் நட்டு வைத்த கல் அது. புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். அவன் ஈட்டியை அதன் உடம்பில் செருகியிருப்பான். அறிவிப்புப் பலகை கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

அப்படி ஒரு கல்லை முதன்முதலில் பார்த்த நாளின் தேதியை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது, முடிவு வரவில்லை. ஆகவே ஏப்ரல் கடைசியோ மே தொடக்கமோ. மின்வெட்டு எங்கள் ஊரைப் பாடாய்ப் படுத்திய ஆண்டுகளில் ஒன்று. கிழமையில் மட்டும் ஐயமில்லை. முந்தின நாள் ஜும்மாவுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடேயே அத்தா சாயப்பட்டறையில் தங்கிவிட்டார், ஆகவே சனிக்கிழமை.

அத்தாவும் மாமாவும் கூட்டாக ஒரு சிறிய கம்பெனி நடத்தினார்கள். அத்தா என் அப்பா, மாமா என் அம்மாவின் தம்பி. வெளிநாட்டிலிருந்து, ஆர்டர் கொடுக்கும் பையர் அம்மா ஒருவர் வந்திருந்தார். அவர் கேட்டது செங்கல் நிறத்தில் டீ சர்ட்டுகள். சாயமேற்றிய துணியைப் பார்த்து, நிறம் சரிதான் என்று அவர் ஷேடுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அன்று மாலை கோயமுத்தூரில் அவருக்கு விமானம். அதற்குள் கையெழுத்து ஆகாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், எங்கள் டெய்லர்களும் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை.

விடிகாலையில் கரண்ட் போய், சாம்பிள் துணி பாதிச் சாயத்தில் நின்றது. அலசிக் காயவைத்து எடுக்க மதியம் மூன்று மணியாகும் என்று அத்தா போன் செய்தார். பையர் அம்மாவோ ஒன்பது மணிக்கே தயாராகி ஓட்டல் வாசலில் நிற்பவர்.

மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. முந்தின நாள் சாப்பிடும்போது அந்தம்மா, இத்தனை முறை வந்தும் கம்பெனியையும் ஓட்டலையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்று சொல்லியிருந்தாராம்.

"மூணு மணி வரைக்கும் அந்தம்மா ஊருக்குள்ள வரக் கூடாது. பழைய கல்லு, பழைய கோயிலு, எதாச்சும் காட்டிக்கிட்டே இருக்கோணும். நீ இங்கிலீஷ்ல எடுத்து உடு கண்ணு," என்றார்.

மாமாவின் ஆங்கிலம் ஷேடு, சைஸ், ஷிப்மென்ட் ஆகியவற்றைத் தாண்டினால் தள்ளாடும். நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அப்படித்தான் கம்பெனியின் ஆம்னி வேனில் எனக்கு முன் சீட் கிடைத்தது. நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டேன்.

பழைய கல் எங்கே இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது என்பது பல்லடம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. டீக்கடை டீக்கடையாக நிறுத்தி விசாரித்தார். "கல்லு பாக்கவாங்க, இந்த வெயில்லயா?" என்று கேட்டுவிட்டு ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னார்.

முதலில் பார்த்தது ஒரு நெடுங்கல். ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு, எழுத்தோ உருவமோ இல்லாத மொட்டைக் கல். பக்கத்தில் காற்றாலை ஒன்று சுற்றிக்கொண்டிருக்க, அதன் இறக்கையின் நிழல் நொடிக்கொரு முறை கல்லின் மேல் ஏறி இறங்கியது. அந்தம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இது என்ன என்று கேட்டார். சோழ ராஜா யானை கட்டிய கல் என்றார் மாமா, சற்றும் தயங்காமல். பெருங்கற்காலம் என்று ஒரு பாடம் நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். அந்தப் பாடத்தில் யானையே இல்லை. இருந்தாலும் மாமா சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த ஆண்டு என்று அடுத்த கேள்வி வந்தது.

"ஆயிரத்து எரநூறுன்னு சொல்லு."

"அது வருசமா மாமா, இல்ல அத்தன வருசத்துக்கு முந்தியா?"

"ரெண்டுல அந்தம்மாவுக்கு எது புடிக்குதோ அது."

அந்தப் பதிலையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் 'பொய்' என்று குறித்தேன்.

புலிகுத்திக் கல் குண்டடத்துக்கு அருகே ஒரு முருங்கைத் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்துக்கார அக்கா காய் பறித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தார். கல்லில் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாக இருந்தது.

"தண்ணி ஊத்துனாத்தானுங்க உருவம் தெரியும்," என்று சொல்லி, வாய்க்காலில் ஒரு குடம் மொண்டு வந்து உச்சியிலிருந்து ஊற்றினார்.

அதைப் போன்ற ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கொண்டை, காது வளையம், ஈட்டி, கடைசியில் புலியின் வால். புலிக்குப் பல்லும் இருந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, பனியனை அளப்பதுபோல அவனுக்கு மார்பும் உயரமும் அளந்து எனக்குச் சொன்னார். நான் எழுதினேன். அந்தம்மா படம் மேல் படமாக எடுத்துத் தள்ளினார். பிறகு கேமராவை இறக்கிவிட்டு, ஈரக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஊறிய புளியும் செம்மண்ணும் கலந்ததுபோல ஆழ்ந்த நிறம். தனக்கு வேண்டியிருந்தது இந்த நிறம்தான் என்றார். செங்கல் நிறம் வேண்டாம், இது வேண்டும்.

மாமாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. மறுகணம், நூல்துண்டுகள் வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டை எடுத்து விரித்துவிட்டார். ஒவ்வொரு நூலாகக் கல்லில் வைத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தார். அந்தம்மாவும் தலையசைத்தார். அந்த நூலை ஓர் அட்டையில் ஒட்டி, வேனின் பானெட் மேல் வைத்து, அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். மணி பன்னிரண்டு பத்து. மூன்று மணிக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. மாமா அத்தாவுக்குப் போன் செய்து, பழைய ஷேடை நிறுத்தச் சொன்னார். சாயத்தில் போட்டது போட்டதாக முடியட்டும், நீ முதலில் வந்து சேர் என்று அத்தா சொல்லியிருக்க வேண்டும். "மச்சானுக்கு எதுலயும் நம்பிக்கை கெடையாது," என்று முணுமுணுத்துக்கொண்டே மாமா போனை வைத்தார்.

அக்காவின் தோட்டத்து வீடான சாளையில் மோரும் முறுக்கும் கிடைத்தன. கிளம்பும் நேரத்தில், இன்ச் டேப்பைக் கல்லின் அடியிலேயே விட்டுவிட்டது மாமாவுக்கு நினைவு வந்தது. அந்தம்மா வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமாவும் நானும் மட்டும் திரும்பப் போனோம்.

கல் காய்ந்திருந்தது. கொண்டையும் இல்லை, புலியும் இல்லை. நிறமும் இல்லை, சாம்பல் பூத்து, ஆங்காங்கே வெளிறிய காவி. மாமா டேப்பை எடுக்கக் குனிந்தவர், அப்படியே நின்றார். கையெழுத்திட்ட அட்டையை எடுத்து நூலைக் கல்லின் மேல் வைத்தார். இரண்டும் ஒட்டவேயில்லை. ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஷேடு பார்க்காதே என்று கம்பெனியில் ஒவ்வொரு ஹெல்ப்பரையும் வாய் ஓயாமல் திட்டுகிறவர் அவர். துணியிடம் ஏமாறாதவர் கல்லிடம் ஏமாந்துவிட்டார்.

"கையெழுத்துதான் போட்டுட்டாங்களே மாமா," என்றேன். "போட்டோவுலயும் ஈரக் கலருதான் இருக்கும். வாங்க, நேரமாச்சு."

மாமா அட்டையோடு திரும்பினார். வேனுக்கு நடந்து போய், கதவைத் திறந்து, அந்தம்மாவை இறங்கச் சொன்னார்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"மாமா தப்பா பாத்துட்டேன்னு சொல்லு. நனைஞ்சதப் பாத்துட்டேன். அவ்வளவுதான்."

நான் சொன்னேன். அந்தம்மா கல்லைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரியாமல், தோட்டத்துக்கார அக்கா இன்னொரு குடம் ஊற்றட்டுமா என்று கேட்டார். அப்படியானால் இந்தக் கல்லின் நிறம் எதுதான் என்று அந்தம்மா அவரைக் கேட்கச் சொன்னார்.

"மழை பேஞ்சா அது, வெயிலடிச்சா இது. அதப் போயி யாரு கண்ணு கேட்டா?" என்றார் அக்கா.

அதை எப்படியோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அந்தம்மா சிரித்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் அட்டையை வாங்கி, தன் கையெழுத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். துணியைப் போய்ப் பார்க்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் மாமா ஒரு ராஜாவைப் பற்றியும் பேசவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் ஈட்டிக்காரனின் பிடி இருந்தது. முடிந்தது, எல்லாம் போயிற்று என்று நான் நினைத்தேன். அந்தம்மா பழைய செங்கல் நிறத்தையும் வேண்டாமென்றல்லவா சொல்லியிருந்தார்.

சாயப்பட்டறைக்குள் நுழைந்தபோது மூன்றேகால். அத்தா எதையும் நிறுத்தியிருக்கவில்லை. துணி காய்ந்து தயாராக இருந்தது. அந்தம்மா அதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனார், நிழலுக்கு வந்தார், மறுபடி வெயிலுக்குப் போனார். பிறகு மேசைக்கு வந்து செங்கல் நிறத்துக்கே கையெழுத்துப் போட்டார். போகும்போது அத்தாவிடம் விடைபெற்றுவிட்டு, மாமாவின் கையைத்தான் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்துச் சாயம் போட்டது அத்தா. கெடுக்கப் பார்த்தது மாமா.

அன்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா கறி சமைத்திருந்தார். நடந்ததை நோட்டைப் பார்த்து நேரவாரியாக நான்தான் சொன்னேன். யானை கட்டிய ராஜாவுக்கு அம்மா சிரித்தார். கையெழுத்து ஆன அட்டை கையில் இருந்தும், மாமா அந்தம்மாவை வேனிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து கல்லைக் காட்டினார், நான் வேண்டாமென்றுதான் சொன்னேன் என்று முடித்தேன். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாதாரண நாளில் மாமாவின் சட்டைப் பொத்தானைக்கூட விடாமல் கேலி செய்கிற அத்தா, அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் தட்டிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.