பதில் வராவிட்டால் சரி

அலுவலகத்தில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பெயர், முதுகுக்குப் பின்னால் செக்போஸ்ட். மருத்துவமனைகள் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கவும், முந்தின நாள் போனில் நினைவுபடுத்தவும் ஒரு மென்பொருளை அந்தக் கம்பெனி செய்து விற்றது. பையன்கள் அதில் எதை மாற்றி எழுதினாலும், அவள் போட்டுப் பார்த்துக் கணினியில் ‘சரி’ கொடுத்தால்தான் வெளியே போகும்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் கம்பெனி இருந்த காலத்தில் அவள் சேர்ந்தாள். முதலாளி அவளைவிடச் சின்னவன். அவளுடைய சாப்பாட்டு டப்பாவிலேயே கையை விட்டுக்கொண்டு சொல்வான்: “நீங்க சரின்னுட்டா போதும்க்கா. நான் கண்ண மூடிட்டு அனுப்பிடுவேன்.”

“கண்ணத் திறந்துட்டே அனுப்புங்க தம்பி. எனக்கும் தப்பு வரும்.”

அவளுடைய வேலைக்கு வீட்டிலேயே ஒரு துணை இருந்தது. அவளுடைய மாமியார் எதையும் இரண்டு முறை அமுக்குகிறவர். லிஃப்ட், காலிங் பெல், போன், எதுவும் தப்பாது. கேட்டால், “ஒரு தடவ அமுக்கினா அதுக்குக் கேட்டுச்சோ என்னவோ” என்பார். அதைப் பார்த்துத்தான் அவளும் அலுவலகத்தில் ஒவ்வொரு பட்டனையும் இரண்டு முறை அமுக்கிப் பார்ப்பாள். பாதிக் கோளாறுகள் அதிலேயே அகப்படும். மாமியாருக்கு இதில் ஏகப் பெருமை. “தப்புத் தப்பா அமுக்கறது நானு, சம்பளம் வாங்கறது இவ” என்று எதிர்வீட்டுக்காரியிடம் அலுத்துக்கொள்வதுபோல் பீற்றிக்கொள்வார்.

கம்பெனி வளர்ந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது. லிஃப்டில் கூட வருகிறவர்கள் யார் என்றே தெரியவில்லை. தம்பி சார் ஆனான், அக்கா மேடம் ஆனாள். எப்போது என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது. பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

“இத்தன பேரு ஒருத்தருக்காகக் காத்திருக்கறது நல்லாவா இருக்கு மேடம்? இனிமே மிஷினே டெஸ்ட் பண்ணிடும். உங்களுக்குத் தகவல் வரும். சாயங்காலத்துக்குள்ள நீங்க வேணாம்னு சொல்லலன்னா, சரின்னு எடுத்துக்கும்.”

“எடுத்துக்கட்டும். அதுல என் பேரு எதுக்கு சார்? நான் பாக்காததுக்கு நான் எப்படிச் சரி சொல்றது?”

“அந்தக் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் விடாது. அப்புறமா மாத்திடலாம், விடுங்க.”

மாற்றவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டாள். லீவு போடாமல் வேலைக்கு வந்து, வருகிற தகவலையெல்லாம் விழுந்தடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு முந்தைய சோதனைக்காக ஒருநாள் லீவு போட்டாள். கம்பெனிக்கு முதன்முதலில் கிடைத்த கண் மருத்துவமனை அது. பேசிப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். உள்ளே போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். மருந்து விட்ட கண்களை மூடி உட்கார்ந்திருந்த மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்ததில் சாயங்காலம் கடந்துவிட்டது. அவள் பெயரில் ‘சரி’ விழுந்தது.

நினைவூட்டும் செய்தியில் ‘வருகிறேன்’ என்று ஒரு பட்டன் உண்டு. அன்று வெளியே போன மாற்றத்தில், அதையே இன்னொரு முறை அமுக்கினால் ‘வரவில்லை’ என்று ஆகும்படி யாரோ ஒரு பையன் செய்திருந்தான். சாமர்த்தியம் என்று நினைத்திருப்பான்.

ஆபரேஷன் அன்று மாமியார் அவளைக் கூட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு போய் நின்றார். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். “நீங்கதானேம்மா வரலன்னு சொல்லியிருக்கீங்க? உங்க இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. இனிமே மூணு மாசம் கழிச்சுத்தான் டாக்டர் இருக்காரு.”

சுற்றிலும் இன்னும் பல வயதானவர்கள் அதே பதிலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு விஷயம் புரிந்தது. அவள் பார்த்திருந்தால் முதல் வேலையாக அந்தப் பட்டனை இரண்டு முறை அமுக்கியிருப்பாள்.

அலுவலகத்தில் முதலாளி தன் அறைக் கதவைச் சாத்தினான். மேனேஜர் ஜன்னல் பக்கம் நின்றார். திரையில் அவள் பெயரும் பச்சை நிறத்தில் ஒரு டிக்கும் இருந்தன.

“அக்கா” என்றான் முதலாளி.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

“யாரையும் குத்தம் சொல்லலக்கா. மருத்துவமனைக்காரங்க விளக்கம் கேக்கறாங்க. டெஸ்டிங்ல ஒருத்தர் பாத்தாங்க, தவறிடுச்சுன்னு எழுதிடறேன். ஆள் பாத்துத் தவறிடுச்சுன்னா மன்னிச்சுடுவாங்க. ஆளே பாக்கலன்னு தெரிஞ்சா எல்லாரும் போயிடுவாங்க.”

“நான் பாக்கல தம்பி.”

“தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா? அது நமக்குள்ள.”

அவள் பெண் அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். இந்த வயதில் இன்னொரு கம்பெனி படி ஏறினால், வாசலில் இருக்கிறவனே யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பான். அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நான் சரின்னு எடுத்துக்கறேன்” என்று முதலாளி எழுந்தான். அவன் சொன்னது அவனுக்கே உறைக்கவில்லை. மேனேஜர் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் மாமியார் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “நீ பாத்து அனுப்பினதுன்னுதானே தைரியமா அமுக்கினேன்?”

“நான் பாக்கல அத்தை.”

“பாக்காமயா உன் பேரப் போட்டுக்கறாங்க?”

“அதை அங்க கேட்டிருக்கணும், இங்க வந்து முழிச்சு என்ன ஆகப்போகுது?” என்றான் கணவன், சட்டையை மாட்டிக்கொண்டே. அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்று மாதம் கழித்துக் கண் சரியாகிவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாமியார் இப்போது எதையும் இரண்டு முறை அமுக்குவதில்லை. வெளியே போய்விட்டு வந்தால் காலிங் பெல்லைக்கூட ஒரே ஒரு முறைதான். உள்ளே மிக்ஸி ஓடினாலும், டிவி அலறினாலும், யாராவது தற்செயலாகக் கதவைத் திறக்கிறவரை வாசலிலேயே நிற்கிறார்.