சவேரியாருக்குப் போட்ட இலை

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. சென்ற ஆடி அமாவாசை அன்று, இராமேஸ்வரத்தில், பட்டப்பகலில். இருட்டு இல்லை; நாய் எதுவும் ஊளையிடவில்லை. அனுபவித்தவள் ஆஸ்லின். கதை கட்டிச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சொல்லச் சொன்னாலே எரிச்சல்படுகிறவள்.

பாம்பனில் வலை பழுது பார்க்கும் சவேரியாரின் ஒரே மகள் அவள். தாய் இல்லை. திதி கொடுக்க வருகிறவர்களுக்கு அறையும் புரோகிதரும் ஏற்பாடு செய்து தரும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கடலில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு நிற்கிறவர்களிடம், ரசீது அனுப்புவதற்கு என்று சொல்லி மின்னஞ்சல் முகவரி வாங்குவார்கள். கூடவே இறந்தவர் பெயர், உறவு, தொலைபேசி எண். எல்லாம் சிஎஸ்வி என்கிற ஓர் அட்டவணைக் கோப்பில் சேரும். குடும்பத்துக்கு ஒரு வரி. அமாவாசைதோறும் ஆஸ்லின் அந்தக் கோப்பை அஞ்சல் மென்பொருளில் ஏற்றுவாள். வரிக்கு ஒரு கடிதம் தானாகப் போகும். கடிதத்தின் தலைப்பு முதலாளி பிரபாகரன் தம் கைப்பட எழுதியது: ‘உங்கள் தந்தை இன்னார் பசியோடிருக்கிறார்.’ உறவையும் பெயரையும் கோப்பு நிரப்பிக்கொள்ளும்.

அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு வாயில் எச்சில் ஊறும். வாந்திக்கு முன் ஊறுகிற எச்சில்.

“தெறந்து பாக்குறாகல்ல, அது போதும். செத்தவுக யாரும் வந்து சண்டை போடப் போறதில்ல” என்பார் பிரபாகரன்.

அன்று அவர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். சோதனைக்காக முதல் வரியில் அவள் தன் முகவரியை இட்டாள். இறந்தவர் பெயர் இல்லாமல் அந்த வரியை மென்பொருள் ஏற்கவில்லை.

“எதையாச்சும் போடும்மா. ஊரே படையலப் போட்டு முடிச்சிரும் போல.”

கைக்கு வந்தது அப்பாவின் பெயர். உயிரோடு, பாம்பனில், வலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பெயர். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பெயர் விடுபட்ட வரிகளைக் கண்டுபிடிப்பதற்காக, இறந்தவர்களை அகரவரிசைப்படுத்தினாள். பக்கத்திலுள்ள கட்டங்களையும் சேர்த்து நகர்த்தவா என்று கணினி கேட்டது. பின்கழுத்தில் பிரபாகரனின் வெற்றிலை மூச்சு. ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டாள். பழைய கோப்பின் மேலேயே சேமித்தாள். ஏற்றினாள். அனுப்பினாள். மணி பதினொன்றரை.

அப்பாவின் பெயரை அழிக்கக் கோப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முதல் வரியில் அவர் இல்லை. பெயர்கள் மட்டும் நகர்ந்திருந்தன, முகவரிகள் அசையவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வீட்டு இறந்தவரின் பசி போய்ச் சேர்ந்திருந்தது. சவேரியார் வெகு கீழே, முதுகுளத்தூர் உமாமகேஸ்வரி என்பவரின் வரியில் கிடந்தார்.

‘உங்கள் மாமனார் சவேரியார் பசியோடிருக்கிறார்.’

பிரபாகரனிடம் சொன்னாள்.

“யாராச்சும் திட்டுனாகளா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்பறம் என்ன. திட்டுனா மன்னிப்புக் கேட்டு இன்னொன்னு அனுப்பு. அதுலயும் ரெண்டு பேரு ரூம் போடுவான்.”

சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார்.

யாரும் திட்டவில்லை. அது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்றேகாலுக்குப் பதில்கள் வரத் தொடங்கின. வீடுகளில் படையல் போடும் நேரம்.

‘வந்தார். சாப்பிட்டார்.’

‘நீங்கள் எழுதியவர் வந்தார். எங்கள் அப்பா அல்லர். ஆனாலும் இலையில் உட்கார்ந்துவிட்டார்.’

‘ஆள் தெரியவில்லை. மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.’

அறைக்குள் புளித்த சோற்றின் வாடை எழுந்தது. விசைப்பலகையில் விரல் ஒட்டியது. எடுத்துப் பார்த்தாள். பிசுபிசுத்த பருக்கை. அதில் எள்.

அடுத்த பதில் முதுகுளத்தூரிலிருந்து.

‘சவேரியார் வந்திருக்கிறார். மறுசோறு கேட்கிறார்.’

அப்பாவை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அப்பா, எங்க இருக்கீக?”

சப்... சப்... சப்...

“இரு பிள்ள. வாய்ல சோறு.”

“நான் இன்னைக்கு ஆக்கவே இல்லையேப்பா. யாரு போட்டா?”

“இங்கனதான். நல்லாக் கவனிக்கிறாக.”

தொடர்பு அறுந்தது.

கிடைத்த பேருந்தில் ஏறிப் பாம்பனுக்கு ஓடினாள். சவேரியார் வாசலில், வலைக் குவியலின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு இருந்தது. அவருடைய கைபேசி வீட்டுக்குள், சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

எழுப்பினாள். காலையிலிருந்து எங்கும் போகவில்லை என்றார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். தள்ளிவிட்டார்.

“வயிறு முட்டக் கெடக்கு பிள்ள. எடமில்ல.”

ஏப்பம் விட்டார். ஊசிப்போன பருப்பும் எள்ளும் கலந்த நாற்றம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. கன்னம் ஒட்டியது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. மருத்துவர் வாயுத்தொல்லை என்றார்.

அங்கே இலையைவிட்டு எழுந்தால்தான் இங்கே சாப்பிடுவார். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோப்பிலிருந்து அந்தப் பெயரை அழித்தாள். சவேரியார் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. வீட்டிலிருந்தே உமாமகேஸ்வரியின் எண்ணை அழைத்தாள்.

“அக்கா, அந்த இலைய எடுத்துருங்க. அது எங்க அப்பா. உசுரோட இருக்காரு.”

மறுமுனையில், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அடங்கிய குரல்.

“எடுக்கத்தான் பாக்குறோம் தாயி. விடமாட்டேங்குறாரு. சோறு புழுத்துப் போச்சு... அதையும் அள்ளி அள்ளித் திங்கிறாரு.”

ஆஸ்லின் திரும்பிப் பார்த்தாள்.

சவேரியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடை அசைந்துகொண்டிருந்தது.

புறங்கையால் வாயைத் துடைத்தார்.

கையில்... வெள்ளையாக ஏதோ நெளிந்தது.